ஆயாவின் இடுப்பில் இருந்த கருப்புப் பொருக்கு

கேள்வி: அணைக்கட்டு பக்கம் ஒரு கிராமத்தில் இருந்து பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறேன், உயிரியல் பிரிவு. போன மாதம் எங்கள் ஆயாவுக்கு விடாத காய்ச்சல், தாங்க முடியாத தலைவலி. உள்ளூரில் ஊசி போட்டு, செஃபிக்சிம் மாத்திரை ஐந்து நாளுக்குக் கொடுத்தார்கள். கேட்கவில்லை. வேலூருக்குக் கூட்டிப்போனோம். அங்கே டாக்டரம்மா உடம்பு முழுக்க எதையோ தேடினார். இடுப்பில் இருந்த ஒரு கருப்புப் பொருக்கைக் காட்டி, ‘ஸ்க்ரப் டைபஸ், உண்ணிக் காய்ச்சல்’ என்றார். டாக்சிசைக்ளின் கொடுத்த இரண்டு நாளில் காய்ச்சல் விட்டது. இது டைபாய்டுதானா? முதல் மருந்து ஏன் கேட்கவில்லை? எங்களுக்கும் ஒட்டுமா? உண்ணிதான் காரணம் என்று எங்கள் நாயை விரட்டச் சொல்கிறார் சித்தப்பா.

பதில்: முதலில் நாயை விரட்டாதீர்கள், தம்பி. ஆயாவின் காய்ச்சலுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

தமிழில் ‘உண்ணிக் காய்ச்சல்’ என்று பெயர் வைத்துவிட்டதால் வந்த குழப்பம் இது. நாயின் காதில் கொத்தாகத் தொங்குகிற உண்ணி வேறு. ஆயாவைக் கடித்தது மைட் என்ற பொடிப்பூச்சியின் குஞ்சு, அதாவது லார்வா. முதல் மழை பெய்ததும் கொல்லையில் சிவப்பு வெல்வெட் துணி போல ஒரு பூச்சி ஊருமே, பட்டுப்பூச்சி, தம்பலப்பூச்சி என்றெல்லாம் சொல்வார்கள், சின்ன வயதில் தீப்பெட்டியில் பிடித்து வைத்திருப்பீர்கள். அதன் தூரத்துச் சொந்தம்தான் இது. பட்டுப்பூச்சி யாரையும் ஒன்றும் செய்யாது. இந்தச் சொந்தக்காரனின் குஞ்சு சுமார் 0.2 மில்லிமீட்டர்தான் இருக்கும். கண்ணில் படவே படாது.

புல் நுனியில், செடியின் அடியில் அது காத்திருக்கும். ஆளோ எலியோ உரசிப் போனால் ஏறிக்கொள்ளும். துணி இறுக்கிப் பிடிக்கும் இடமாகப் பார்த்து நிற்கும். பாவாடை நாடா, அரைஞாண் கயிறு, அக்குள், தொடை இடுக்கு, மார்புக்குக் கீழே. அது ரத்தம் குடிப்பதில்லை. எச்சிலால் தோலின் செல்களைக் கரைத்து, அந்தச் சாற்றை இரண்டு மூன்று நாள் உறிஞ்சிவிட்டு உதிர்ந்துவிடும். வலியும் தெரியாது. காய்ச்சல் வருவதோ 6 முதல் 21 நாள் கழித்து. அதனால்தான் ‘எதுவும் கடிக்கலையே டாக்டர்’ என்று எல்லோரும் உண்மையாகவே சொல்கிறார்கள்.

இந்த லார்வா தன் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் இப்படி விலங்கின் உடம்பில் சாப்பிடும். வளர்ந்த பிறகு மண்ணுக்குள் போய், மற்றப் பூச்சிகளின் முட்டையைத் தின்று வாழும். அப்படியானால் இதுவரை யாரையும் கடிக்காத குஞ்சிடம் கிருமி எப்படி வந்தது? உயிரியல் படிக்கிறவருக்கு இந்தச் சந்தேகம் வர வேண்டும். தாயிடம் இருந்து முட்டை வழியாகவே வருகிறது. டெங்கு கொசு ஒரு நோயாளியைக் கடித்துவிட்டு அடுத்தவரைக் கடிக்கிறது. இதற்கு இரண்டாவது கடியே கிடையாது. எனவே ஆயாவிடம் இருந்து உங்களுக்கு ஒட்டாது. தட்டு, பாய், போர்வை எதையும் பிரித்து வைக்க வேண்டாம். அவர் பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி கொடுங்கள்.

டைபாய்டும் இல்லை. டைபஸ், டைபாய்டு இரண்டும் புகை, மயக்கம் என்று பொருள்படும் ஒரே கிரேக்கச் சொல்லில் இருந்து வந்தவை. காய்ச்சலில் புத்தி மங்குவதைப் பார்த்து வைத்த பெயர். டைபாய்டு சால்மோனெல்லா கிருமியால், தண்ணீர், சாப்பாடு வழியாக வருவது. ஸ்க்ரப் டைபஸின் கிருமிக்கு ஓரியென்ஷியா சுசுகாமுஷி என்று பெயர்.

முதல் மருந்து கேட்காததற்குக் காரணம் அந்தக் கிருமி குடியிருக்கும் இடம். அது நம் செல்களுக்கு உள்ளேயே வாழ்கிறது. வெளியே அதற்குப் பிழைப்பு இல்லை. ரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சாதாரண பிளட் கல்ச்சரில் வளராததும் அதனால்தான். செஃபிக்சிம், அமாக்சிசிலின் போன்றவை பாக்டீரியாவின் செல்சுவரைக் கட்டவிடாமல் தடுப்பவை. ஓரியென்ஷியாவுக்கு மற்ற பாக்டீரியாக்கள் போலக் கெட்டியான சுவரே இல்லை. அந்த மருந்துகளும் நம் செல்லுக்குள் சரியாக நுழைவதில்லை. டாக்சிசைக்ளின் உள்ளே நுழைந்து, கிருமியின் ரைபோசோமைப் பிடித்துப் புரத உற்பத்தியை நிறுத்துகிறது. கிருமியின் ரைபோசோம் 70எஸ், நம்முடையது 80எஸ் என்று நீங்கள் படித்த அந்த வித்தியாசம்தான் இங்கே உயிர் காக்கிறது. விலையும் குறைவு, அரசு மருத்துவமனையிலும் கிடைக்கும். கர்ப்பிணிகளுக்கு இதற்குப் பதில் அசித்ரோமைசின் கொடுப்போம்.

உங்கள் டாக்டரம்மா உடம்பு முழுக்கத் தேடினார் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்ததும் மனசு நிறைந்தது. நான் ஹவுஸ் சர்ஜனாக, அதாவது பயிற்சி டாக்டராக இருந்தபோது ஆடு மேய்க்கும் ஒரு அம்மா எட்டாம் நாள் காய்ச்சலோடு வந்தார். மலேரியா இல்லை, டெங்கு இல்லை, டைபாய்டுக்கான விடால் சோதனை லேசாகப் பாசிட்டிவ். டைபாய்டு என்று எழுதி மருந்தை ஆரம்பித்தோம். அன்று ராத்திரியே அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. வார்டு சிஸ்டர்தான் அவருடைய பாவாடை நாடாவைத் தளர்த்திப் பார்த்தார். நாடா பதிந்த கோட்டின் மேலேயே, பீடிக் கங்கு சுட்டது போல ஒரு கருப்புப் பொருக்கு. சுற்றிலும் மெல்லிய சிவப்பு வளையம். தொட்டால் வலியில்லை, அரிப்பில்லை. அந்த அம்மாவுக்கே அது இருப்பது தெரியாது. ஐ.சி.யூ.வில் பல நாள் கிடந்து பிழைத்தார். காலையிலேயே நான் பார்த்திருக்க வேண்டியது அது. அன்றிலிருந்து காய்ச்சல் என்று வருகிறவர்களை, சிஸ்டரை உடன் வைத்துக்கொண்டு, தலை முதல் கால் வரை பார்க்காமல் அனுப்புவதில்லை.

பொருக்கு எல்லோருக்கும் இருக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஈரமான மடிப்புகளில் கருக்காமல், சின்னப் புண்ணாக மட்டும் தெரியும். ரத்தத்தில் ஐ.ஜி.எம். என்ற எதிர்ப்பொருளைத் தேடும் சோதனை முதல் சில நாட்களில் நெகட்டிவ் என்றே வரலாம். எதிர்ப்பொருள் உருவாக ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். அதனால் சந்தேகம் வலுவாக இருந்தால் ரிசல்ட் வரும்வரை காத்திருக்காமல் மருந்தைத் தொடங்கிவிடுவோம்.

இந்த அவசரத்துக்குக் காரணம் உண்டு. இந்தக் கிருமி ரத்தக் குழாய்களின் உள்சுவரைத் தாக்குகிறது. சுவர் ஒழுக ஆரம்பித்தால் நுரையீரலில் நீர் கோக்கும், சிறுநீரகம், கல்லீரல், மூளை எல்லாம் அடிபடும். பிளேட்லெட்டும் குறைவதால் பலர் டெங்கு என்றே நினைத்துவிடுகிறார்கள். ரொம்பவும் முற்றிய நிலையில் டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் இரண்டையும் சேர்த்து ரத்தக் குழாய் வழியாகக் கொடுப்பதே மேல் என்று 2023இல் வெளியான ஆய்வு காட்டியது. வேலூர் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரி முன்னின்று, இந்தியாவின் பல மருத்துவமனைகளில் சுமார் 800 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு அது. நம் ஊர் நோயை நம் ஊரிலேயே ஆராய்ந்து கண்ட விடை. இதைச் சொல்லும்போது எனக்குப் பெருமையாக இருக்கிறது.

சரி, ஆயாவுக்கு இது எங்கே வந்திருக்கும்? மல்லாட்டை (வேர்க்கடலை) பிடுங்கப் போனாரா, விறகு பொறுக்கினாரா, ஆட்டுக்குத் தழை ஒடித்தாரா என்று கேட்டுப் பாருங்கள். எலியும் புதரும் ஈரமும் சேரும் வரப்போரம்தான் இந்தப் பூச்சிக்குப் பிடித்த இடம். நம் பக்கத்தில் மழை தொடங்கிய பிறகு, குறிப்பாக அக்டோபர் முதல் ஜனவரி, பிப்ரவரி வரை இந்தக் காய்ச்சல் அதிகம். வீட்டை ஒட்டிய புதரை வெட்டுங்கள். துவைத்த துணியைச் செடி மேல் உலர்த்தாமல் கொடியில் போடுங்கள். புல்லில் வெறுமனே உட்காராமல் சாக்கோ தார்ப்பாயோ விரித்துக்கொள்ளட்டும். கொல்லையில் இருந்து வந்த கையோடு சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளித்து, உடுத்தியிருந்ததைத் துவைக்கப் போட்டுவிட்டால் ஒட்டிய லார்வாவில் பெரும்பகுதி போய்விடும். இதற்குத் தடுப்பூசி இல்லை. ஒரு முறை வந்தவருக்கு மறுபடியும் வரலாம்.

நாய்க்கு உண்ணி இருந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டி எடுத்துவிடுங்கள். அந்த உண்ணியால் வேறொரு காய்ச்சல் வர வழி இருக்கிறது, அதற்காக.

ஆயா மாத்திரையை டாக்டர் சொன்ன நாள் முழுவதும் போட வேண்டும். காய்ச்சல் விட்டதும் நிறுத்திவிடக் கூடாது. சாப்பிட்ட பிறகு ஒரு சொம்புத் தண்ணீரோடு போட்டுக்கொண்டு, அரை மணி நேரமாவது படுக்காமல் இருக்கட்டும். இல்லாவிட்டால் உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும்.

அவரோடு அதே கொல்லைக்குப் போனவர்கள் யார் யார் என்று பாருங்கள். அவர்களில் யாருக்காவது அங்கே போய் வந்த மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் கண்டால் கடையில் மாத்திரை வாங்காமல் நேராக ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். ‘எங்கள் கூட்டத்தில் ஒருவருக்கு ஸ்க்ரப் டைபஸ்’ என்று டாக்டரிடம் அவர்களே சொல்லட்டும்.