வேலையும் வேண்டும், முனைவர் பட்டமும் வேண்டும்

கேள்வி: வயது 41, வங்கி வேலை, சமூகவியலில் எம்.ஏ. படித்தவள். வேலையை விடாமல் மதுரைச் சித்திரைத் திருவிழா பற்றிப் பகுதி நேரமாகப் பிஎச்.டி. செய்ய முடியுமா?
- ஒரு வாசகி, திருமங்கலம்

பதில்: தாராளமாக. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022 விதிகளிலேயே அதற்கு இடம் உண்டு. எம்.ஏ.வில் பொதுவாக 55 சதவீதம் வேண்டும், அப்புறம் அலுவலகத்தின் தடையின்மைச் சான்று, இதை முதலிலேயே வாங்கிவிடுங்கள், கடைசி நேரத்தில் அலைவது பெரும் பாடு. குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6. மறுபதிவு செய்தால் இன்னும் 2, பெண்களுக்கு அதற்கு மேலும் 2 கிடைக்கும். தபால் வழிப் பிஎச்.டி. என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சரி, தலைப்புக்கு வருவோம். சித்திரைத் திருவிழா என்பது தலைப்பே இல்லை, கடல். அழகர் வேடம் கட்டி, ஆட்டுத்தோல் பையில் தண்ணீர் நிரப்பிப் பீய்ச்சிக்கொண்டு வருகிறார்களே, அந்தப் பையைத் தைப்பவர் யார், எந்த ஊர்க் குடும்பங்கள் தலைமுறையாக இந்த நேர்த்திக்கடனைச் செய்கின்றன, விரத நாட்களில் வீட்டுப் பெண்களின் பங்கு என்ன, இப்படி ஒரு நூலைப் பிடியுங்கள், போதும். ஆனால் அழகர் ஆற்றில் இறங்குவது ஆண்டுக்கு ஒரு முறைதான். மாவட்டத்துக்கு விடும் உள்ளூர் விடுமுறை உங்கள் வங்கிக்குப் பொருந்தாது, இப்போதே லீவு சொல்லிவையுங்கள்.