திருகோணமலையில் வீட்டு வளவில் ஹார்ட்நெக் உள்ளி வளருமா? எந்த வகையை நடலாம்?

உங்கள் வீடு உப்புவெளியில், மணல் வளவு, கிணற்றுத் தண்ணீர். கனடாவிலிருந்து வரும் சித்தி 'மியூசிக்' என்ற பரம்பரை உள்ளியைக் கொண்டுவந்து தருவதாகச் சொல்கிறார், அதை நடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வளரும், தாளும் நன்றாக வரும். ஆனால் கனடாவில் விளைவதுபோல் பல்லுப் பல்லாகப் பிரிந்த பெரிய உள்ளியைத் திருகோணமலை மண்ணில் எதிர்பார்க்காதீர்கள். நடுவில் கெட்டித் தண்டு வைத்து, அதைச் சுற்றி ஒரே வட்டமாகப் பல் கட்டுவதுதான் ஹார்ட்நெக். அது பல்லாகப் பிரிய இரண்டு சமிக்ஞை வேண்டும்: முதலில் ஆறு முதல் எட்டுக் கிழமைக் குளிர், பிறகு நீண்டுகொண்டு போகும் பகல். எங்களுக்குத் தை மாத இரவுகூட 23, 24 பாகைக்குக் கீழே போவது அரிது. குளிரைப் பிரிட்ஜில் கொடுத்துவிடலாம். பகலை நீட்ட வழியில்லை. ஒன்ராறியோவில் ஆனி மாதப் பகல் 15 மணித்தியாலத்தைத் தாண்டும், இங்கே மிக நீண்ட பகலே ஏறத்தாழ பன்னிரண்டரை மணித்தியாலம்தான். அதனால் பெரும்பாலும் கிடைப்பது தாளும், சின்ன வெங்காயம்போல் ஒரே பல்லாக உருண்ட குமிழும்தான். கறிக்கு அந்த ஒற்றைப் பல் அருமையானது, உரிக்கும் வேலையும் பாதி. இதை ஏற்றுக்கொண்டு நட்டால் ஏமாற்றம் இல்லை.

வகை என்று பார்த்தால், மியூசிக் போர்சலின் என்ற ஹார்ட்நெக் உள்ளிக் கூட்டத்தைச் சேர்ந்தது. ரொகம்போல், பர்ப்பிள் ஸ்ட்ரைப் கூட்டங்களைப் போலவே கடுங்குளிரில் பழகியது, நம் ஊருக்கு ஒத்துவராது. ஹார்ட்நெக்கே வேண்டுமென்றால் கிரியோல், டர்பன் கூட்டங்களைத் தேடுங்கள். குளிர் குறைந்த நாடுகளில் அவை ஓரளவு தாக்குப்பிடிக்கின்றன, தண்டும் விட்டால் விடும் விடாவிட்டால் இல்லை.

ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். நடுவதற்கான உள்ளியைப் பயணப் பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்லாதீர்கள். 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டப்படி நடுகைப் பொருளுக்கு முன் அனுமதி வேண்டும். இது வெறும் காகித வேலை இல்லை. உள்ளியைத் தாக்கும் வெள்ளை அழுகல் நோயின் கடுகைவிடச் சிறிய கருமணிகள் 20 வருடம்கூட மண்ணில் உயிரோடு கிடக்கும். நம் சூட்டில் அது அடங்கிக் கிடக்கலாம், ஆனால் ஒரு பல் வெலிமடைக்கோ நுவரெலியாவுக்கோ போய்விட்டால் அங்கே உள்ளி நடுபவர்களின் நிலம் கெட்டுவிடும். அந்தப் பக்கம் நடுபவர்களிடமே விதை உள்ளி கேட்டு வாங்குவதுதான் நல்லது. முழு உள்ளியை விரல்களால் அமுக்கிப் பாருங்கள், கல்லுப்போல் இருக்க வேண்டும். அடித்தட்டில் பூஞ்சணமோ மென்மையோ இருந்தால் விட்டுவிடுங்கள். கடை உள்ளியில் முளைக்காதபடி செய்த உள்ளியும் கலந்து வரும், அதை நம்பி நடாதீர்கள்.

நவம்பர் 10 அளவில் உள்ளியைப் பிரிக்காமல், காகிதப் பைக்குள் போட்டு, பிரிட்ஜின் மரக்கறித் தட்டில் வையுங்கள். 4 முதல் 7 பாகை போதும். பொலித்தீனில் கட்டினால் வியர்த்து அழுகும், ஐஸ் பெட்டிக்குள் வைத்தால் செத்துப்போகும். எட்டுக் கிழமை முடியும்போது ஒரு பல்லை நீளவாக்கில் வெட்டிப் பாருங்கள். நடுவில் இருக்கும் பச்சை முளை பல்லின் உயரத்தில் முக்கால் பங்குக்கு வந்திருந்தால் நடலாம், பாதிக்குக் கீழே நின்றால் இன்னும் பத்து நாள் விடுங்கள். எடுத்ததும் அன்றோ மறுநாளோ நட்டுவிட வேண்டும். குசினி மேசையில் ஒரு கிழமை கிடந்தால், கொடுத்த குளிரின் பயன் சூட்டில் குறைந்துவிடும்.

நடும் காலம் தைப்பொங்கலுக்கு ஒரு கிழமை முன்பின். அதற்கு முன் நட்டால் மாரி மழையில் வேர்த்தட்டு அழுகும், மாசிக்குப் போனால் வெயில் முந்திவிடும். பாத்தியை ஒரு சாண் உயர்த்துங்கள். வெறும் மணலில் தண்ணீரும் பசளையும் நிற்காது, அதனால் மேல் மண்ணில் மூன்றில் ஒரு பங்கு நன்றாக மக்கிய மாட்டெருவோ கூட்டெருவோ கலக்க வேண்டும். பச்சைச் சாணம் போடாதீர்கள். பல்லின் தட்டையான அடி கீழேயும் கூர் மேலேயும் இருக்க 2 அங்குல ஆழம், பல்லுக்குப் பல் 4 அங்குலம். தாளுக்கு மட்டும் என்றால் 2 அங்குல இடைவெளி போதும். தோலை உரிக்க வேண்டாம். மேலே நாலு விரல் கனத்துக்கு வைக்கோல் போடுங்கள், மண் சூடேறாமல் இருக்க இதைவிட நல்ல வழி இல்லை. காலை வெயில் விழுந்து, இரண்டு மணிக்குப் பிறகு நிழல் வரும் இடம் நல்லது. வெங்காயம் நின்ற பாத்தியில் மூன்று வருடமாவது நடாதீர்கள்.

கடலோரக் கிணறு என்பதால் தண்ணீரை வாயில் வைத்துப் பாருங்கள். உப்புக் கரித்தால் தாள் நுனி காய்ந்துகொண்டே வரும். உள்ளி உப்பைத் தாங்காது, அப்படியானால் மழைநீர் பிடித்து ஊற்ற வேண்டும்.

தாளில் வெள்ளிக் கீறல்கள் தெரிந்தால் பனிப்பூச்சி. குருத்து இடுக்கை விரித்துப் பார்த்தால் மஞ்சள் துணுக்குகளாக ஓடும். சவர்க்காரத் தண்ணீரைப் பின்னேரம் அந்த இடுக்குக்குள் படும்படி தெளியுங்கள். ஊதா நடுவோடு நீள்வட்டப் புண் வந்தால் அது ஊதாப் பொட்டு நோய், அந்தத் தாளை வெட்டி எரித்துவிட்டு மேலால் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்துங்கள்.

தாள் ஒரு சாண் வளர்ந்ததும் வெளித் தாளில் ஒன்றிரண்டை வெட்டிச் சமைக்கலாம். குமிழ் வேண்டிய செடியில் மட்டும் கை வைக்காதீர்கள். கீழ்த் தாள்கள் பாதி மஞ்சளானதும் தண்ணீரை நிறுத்தி, ஒரு கிழமையில் மண் கிளறும் முள்ளால் கிளறி எடுங்கள், இழுத்தால் கழுத்து அறும். நிழலில் இரண்டு மூன்று கிழமை தொங்கவிட்டு, பெரிய ஒற்றைப் பற்களை மட்டும் விதைக்கு ஒதுக்குங்கள். அவற்றை அடுத்த நவம்பரில் மீண்டும் பிரிட்ஜில் வைத்து நட்டால், பல்லுக்குள் உணவுச் சேமிப்பு அதிகம் இருப்பதால் இரண்டு மூன்று பல்லாகப் பிரிய வாய்ப்புக் கூடும்.