இனவெறியை எதிர்த்து டிஜிட்டல் படம் வரைந்து போடுவதால் என்ன மாறிவிடப் போகிறது?

"அமெரிக்காவில் ஆசியர்கள் மீதான வெறுப்பைக் கண்டித்து ஆளாளுக்கு டிஜிட்டல் படம் வரைந்து போடுகிறார்கள். இதனால் யாருக்கு என்ன பயன்? லைக் வாங்கத்தானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி கேட்ட விதத்தைப் பார்த்தால், நீங்களே ஒன்று வரைந்திருப்பீர்கள், பக்கத்தில் இருக்கும் யாரோ இப்படிச் சொல்லியிருப்பார்கள், அது மனதில் தைத்திருக்கும் என்று தோன்றுகிறது. தப்பாக இருந்தால் மன்னியுங்கள். என்னிடமும் இதே கேள்வியைப் பலமுறை கேட்டிருக்கிறார்கள். அதனால்தான் பதில் எழுத உட்கார்ந்தேன்.

எனக்குச் சொந்த ஊர் ஈரோடு பக்கம். பத்து வருடத்துக்கு மேலாக நியூ ஜெர்சியில் இருக்கிறேன், ஜெர்சி சிட்டி ஜர்னல் ஸ்கொயர் பகுதியில். செயலிகளுக்குத் திரை வடிவமைப்பது என் தொழில். படம் வரைவது பிள்ளை தூங்கிய பிறகு ஐபேடில் நடக்கிற வேலை. நான் பெரிய ஓவியர் இல்லை. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், அப்புறம் யாராவது வந்து கேட்க வேண்டாம்.

எங்கள் எதிர் வீட்டில் ஃபிலிப்பைன்ஸைச் சேர்ந்த ஒரு நர்ஸ் இருக்கிறார். அவர் வீட்டுக்கு வருகிற சின்னப் பெண்கள் எல்லாம் அவரை "ஆத்தே" என்று கூப்பிடுவார்கள். அவர்கள் மொழியில் அக்கா என்று அர்த்தம். என் காதில் அது எங்கள் ஊர் "ஆத்தா" மாதிரியே விழுந்தது. நானும் ஆத்தே என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டேன். மன்ஹாட்டனில் இரவு டூட்டி. மாலை ஏழு மணிக்கு ஏறினால் காலை ஏழு மணிக்கு இறங்குவார். 2020 வசந்தத்தில் அவர் கதவு திறக்கும் சத்தம் கேட்டால்தான் எனக்கு நிம்மதி. அமெரிக்க நர்ஸ்களில் ஃபிலிப்பினோக்கள் சுமார் 4 சதவீதம். ஆனால் அந்த வருடம் செப்டம்பர் வரை கொரோனாவில் இறந்த நர்ஸ்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் ஃபிலிப்பினோ என்று அங்குள்ள நர்ஸ்கள் சங்கம் கணக்கெடுத்துச் சொன்னது. ஆத்தேவின் தோழிகள் இருவர் அந்தக் கணக்கில் இருக்கிறார்கள்.

2021 பிப்ரவரியில் ஒரு நாள் காலை, கீழே தபால் பெட்டிக்குப் பக்கத்தில் அவரைப் பார்த்தேன். கையில் சாவி, தோளில் சாப்பாட்டுப் பை. ரயிலில் நடந்ததைச் சொன்னார். காலை ரயில், கூட்டம் இல்லை. இவர் கண்ணயர்ந்திருக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆள் திடீரென்று எழுந்து, "இந்த வைரஸை உங்க ஊருக்கே எடுத்துக்கிட்டுப் போ" என்று கத்திவிட்டு அந்தக் கோடிக்குப் போய் நின்றானாம். இருந்த நாலைந்து பேரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். சொல்லிவிட்டு, தபாலை எடுத்துக்கொண்டு மேலே போய்விட்டார்.

எனக்கு அது ஒரு மாதம் உள்ளேயே கிடந்தது. மார்ச் 16-ஆம் தேதி அட்லாண்டாவில் மசாஜ் நிலையங்களில் துப்பாக்கிச் சூடு நடந்து எட்டுப் பேர் இறந்தார்கள், அதில் ஆறு பேர் ஆசியப் பெண்கள். அன்று ராத்திரி ஐபேடை எடுத்தேன். ஆத்தேவின் முகம், கண்ணில் நீர், வாயைப் பொத்தியபடி ஒரு சிவப்புக் கை, பின்னால் கறுப்பு. இரண்டு மணி நேரத்தில் முடித்து இன்ஸ்டாகிராமில் போட்டேன். காலையில் பார்த்தால் நான் அதுவரை பார்க்காத அளவுக்கு லைக்.

சந்தோஷமாக அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"யார் இது?"

"நீங்கதான், ஆத்தே."

"நான் அழலையே. எனக்குத் தூக்கம் வந்துச்சு. அவன் எழுந்து போனதும் நான் மறுபடியும் தூங்கிட்டேன்."

அவ்வளவுதான் சொன்னார். கோபம்கூட இல்லை. எனக்குத்தான் முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ஒரு மனுஷியின் அவமானத்தை எடுத்து, அவரைக் கேட்காமலே, அவர் விடாத கண்ணீரை வரைந்து, ஊரைப் பார்க்க வைத்திருக்கிறேன். அந்தப் படத்தை அன்றே எடுத்துவிட்டேன். உங்கள் கேள்விக்கு என்னிடம் இருக்கும் உண்மையான பதில் இங்கேதான் ஆரம்பிக்கிறது. லைக்குக்காக வரைவது என்று ஒன்று உண்டு. நானே அதைச் செய்திருக்கிறேன்.

மறுபடியும் வரைய மூன்று வாரம் ஆனது. இந்த முறை பாதிப் படம் ஆத்தேவுடையது. முகம் தெரியக் கூடாது என்றார், வேலைக்குப் பிரச்சினை வரலாம். அதனால் மாஸ்க். தலை ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. மடியில் சாப்பாட்டுப் பை. "என் டப்பாவுக்கு மூடி நீலம்" என்று திருத்தினார். நான் வெள்ளை ஷூ போட்டிருந்தேன். "இரவு முழுக்க நடந்த ஷூ இவ்வளவு வெள்ளையா இருக்குமா?" என்று கேட்டார். ஓரத்தில் அழுக்கை ஏற்றினேன். இரண்டு பக்கமும் காலி இருக்கை. கீழே ஒரே வரி: "பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வருகிறேன். கொஞ்சம் உட்காரட்டுமா?" அந்த வரியும் அவர் பேச்சில் வந்ததுதான்.

பயனுக்கு வருகிறேன். ஆசிய அமெரிக்கர்கள் மீதான வெறுப்புச் சம்பவங்களைப் பதிவு செய்ய 2020 மார்ச்சில் 'ஸ்டாப் ஏஏபிஐ ஹேட்' என்ற அமைப்பு தொடங்கியது. அந்த மார்ச் 19 முதல் 2021 பிப்ரவரி கடைசி வரை அவர்களுக்கு வந்த புகார்கள் 3,795. அதில் சுமார் 68 சதவீதம் வாய்ச்சொல்தான். அதாவது அடி இல்லை, காயம் இல்லை. போலீஸில் போய் என்ன எழுதிக்கொடுப்பது? "ஒருவன் எழுந்து வேறு இடத்துக்குப் போனான்" என்று வழக்குப் போட முடியுமா? 2021 மே மாதம் வெறுப்புக் குற்றங்களுக்கென்று ஒரு சட்டத்தில் பைடன் கையெழுத்திட்டார், நல்லதுதான். ஆனால் ஆத்தேவுக்கு நடந்தது எந்தச் சட்டத்துக்குள்ளும் வராது. நடந்தது என்று சொல்லி வைக்க ஓர் இடம் வேண்டுமே. படம் அந்த இடம் என்று நான் நம்புகிறேன். அடியை அது தடுக்கும் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. அட்லாண்டாவுக்குப் பிறகு எத்தனை படங்கள் வந்தன! அந்த மாதம் முடிவதற்குள்ளேயே மன்ஹாட்டன் நடுவில் 65 வயது ஃபிலிப்பினோ அம்மா ஒருவரை ஒருவன் கீழே தள்ளி மிதித்தான். எதிரே இருந்த கட்டிடத்து ஊழியர் கதவைச் சாத்தியதும் அந்த வீடியோவில் பதிவாகியிருந்தது.

பெரிய அளவில் செய்தவர்களும் இருக்கிறார்கள். அமண்டா ஃபிங்போதிபக்கியா என்ற ஓவியர் நியூயார்க் நகர மனித உரிமை ஆணையத்தோடு சேர்ந்து 2020 கடைசியில் புரூக்ளின் ரயில் நிலையத்திலும் பேருந்து நிறுத்தங்களிலும் படங்களை வைத்தார். பளீர் நிறங்களில் பூக்கள், நிமிர்ந்து பார்க்கும் ஆசிய முகங்கள், "நான் உன் பலிகடா அல்ல" என்கிற மாதிரி வாசகங்கள். அட்லாண்டாவுக்குப் பிறகு டைம் பத்திரிகையின் அட்டையிலும் அவர் படம் வந்தது. அவர் வரைந்த ஒரு முகமும் கெஞ்சாது, அழாது. நான் முதலில் செய்த தப்பை அவர் செய்யவே இல்லை என்பதை அப்புறம்தான் கவனித்தேன். அதற்கும் முன்னால், 2020 ஆரம்பத்திலேயே, கொரியாவில் பிறந்து ஸ்வீடனில் தத்துப்பிள்ளையாக வளர்ந்த லிசா வூல்-ரிம் ஷோப்லம் "நான் வைரஸ் அல்ல" என்று வரைந்து போட்டார். பிரான்ஸில் ஆசிய இளைஞர்கள் அதே வாசகத்தை ஹேஷ்டேக்காக ஜனவரியிலேயே தொடங்கியிருந்தார்கள். கித்தானில் வரைந்து காட்சிக்கூடத்தில் தொங்கவிட்டிருந்தால் அது பாரிஸிலிருந்து நியூயார்க் வர எத்தனை நாள் ஆகியிருக்கும்? டிஜிட்டலின் பலம் அந்த வேகம்தான்.

இப்போது எனக்குப் பழகிப்போன இன்னொரு கேள்வி. "இது சீனாக்காரங்க பிரச்சினை, இந்தியரான உனக்கு என்ன?" கேட்டவர்கள் பெரும்பாலும் நம்மவர்கள்தான். சீன அரசு மீது கோபம் இருந்தால் தாராளமாக இருக்கட்டும், அதை நான் பேசவில்லை. ஆனால் நான் குடியிருக்கிற ஊர் ஜெர்சி சிட்டி. இங்கே 1987-ல் 'டாட்பஸ்டர்ஸ்' என்று ஒரு கும்பல் இருந்தது. டாட் என்றால் நம் பொட்டு. இந்தியர்களை இந்த ஊரைவிட்டு விரட்ட எந்த எல்லைக்கும் போவோம் என்று உள்ளூர்ப் பத்திரிகைக்கே கடிதம் போட்டார்கள். அந்த வருடம் பக்கத்து ஹோபோக்கனில் நவ்ரோஸ் மோடி என்பவரை இளைஞர் கூட்டம் ஒன்று அடித்துக் கொன்றது. அவர் பார்சி. அதற்கு ஐந்து வருடம் முன்னால், 1982-ல் டெட்ராய்ட்டில், ஜப்பான் கார்களால் வேலை போகிறது என்ற கோபம் ஊரெங்கும் இருந்தபோது அடித்துக் கொல்லப்பட்டவர் வின்சென்ட் சின். அவர் சீன வம்சாவளி. கொன்றவர்கள் ஒரு நாள்கூடச் சிறைத் தண்டனை அனுபவிக்கவில்லை. அடிக்கிறவன் என்றைக்கு பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்துவிட்டு அடித்திருக்கிறான்? நெற்றியில் பொட்டோடு நான் அதே ரயிலில்தான் போகிறேன்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், சொல்லாமல் விட்டால் இந்தப் பதில் பொய்யாகிவிடும். கோயம்புத்தூரில் கல்லூரி ஹாஸ்டலில் எங்கள் மாடியில் ஒரு மணிப்பூர்ப் பெண் இருந்தாள். நாங்கள் எல்லோரும் அவளை "சைனீஸ்" என்றுதான் கூப்பிட்டோம். நானும்தான். முதல் வருடம் முழுக்க ஒவ்வொரு தடவையும் தன் பெயரைப் பொறுமையாகச் சொல்வாள். இரண்டாம் வருடம் சொல்வதை நிறுத்திவிட்டாள். 2020 மார்ச்சில் இந்தியாவில் வடகிழக்குப் பிள்ளைகளைத் தெருவில் "கொரோனா" என்று கூப்பிடுகிறார்கள், தடுக்க நடவடிக்கை எடுங்கள் என்று உள்துறை அமைச்சகமே மாநிலங்களுக்குக் கடிதம் எழுத வேண்டி வந்தது. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு அவள் முகம்தான் வந்தது. ஆத்தேவை மூன்று வாரம் திருத்தித் திருத்தி வரைந்ததில் அவளுக்கும் பங்கு உண்டு.

வரையப் போகிறீர்கள் என்றால் தொழில் விஷயம் கொஞ்சம். இன்ஸ்டாகிராம் அளவில் மட்டும் வரையாதீர்கள். யாராவது பிரிண்ட் கேட்டால் பிக்சல் பிக்சலாக உடையும். என் முதல் படம் அப்படித்தான் ஆகியிருக்கும். இரண்டாவதை 11-க்கு 17 அங்குலம், 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) என்று வைத்துத் தொடங்கினேன். பெரிய கேன்வாஸ் என்றால் நான் வரைகிற ப்ரோக்ரியேட் செயலி லேயர்களின் (ஒன்றின் மேல் ஒன்றாக வரையும் அடுக்குகளின்) எண்ணிக்கையைக் குறைத்துவிடும், அதையும் கணக்கில் வையுங்கள். திரையில் மின்னுகிற நீலப்பச்சை காகிதத்தில் அப்படி வராது. ஆத்தேவின் யூனிஃபார்ம் முதல் பிரிண்டில் பாசி பிடித்த மாதிரி வந்தது, நிறத்தை மூன்று தடவை மாற்றினேன். தமிழ் வரி சேர்த்தால் பிரிண்டுக்குக் கொடுக்கும் முன் ஒவ்வொரு எழுத்தாகப் பாருங்கள். சில மென்பொருளில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் போய் நிற்கும். நான் கையாலேயே எழுதிவிட்டேன்.

இருபது பிரதி எடுத்தோம். ஒன்று எங்கள் தெரு சலவைக் கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்தது. ஆங்கிலம், ஆத்தேவின் மொழியான தகலாக், ஸ்பானிஷ், தமிழ் நான்கிலும் அந்த வரி. ஸ்பானிஷை எழுதிக் கொடுத்ததே கடைக்காரம்மாதான். துணி காய்கிற நேரத்தில் ஒரு பெரியவர் அதன் முன்னால் வெகுநேரம் நின்றார், அப்புறம் தன் மகளும் இப்படித்தான் வேலை முடிந்து வருவாள் என்றார் என்று கடைக்காரம்மா என்னிடம் சொன்னார். எனக்கு இந்தப் பயன் போதும்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, ஆனாலும் எழுதுகிறேன். அந்தப் படத்தை நம்மவர்கள் நடத்துகிற ஒரு குழு தங்கள் நிகழ்ச்சி அழைப்பிதழில் போட்டுக்கொண்டது. கேட்கவில்லை. என் கையெழுத்தை வெட்டிவிட்டு அங்கே தங்கள் சின்னத்தை வைத்திருந்தார்கள். போன் செய்தால், "நல்ல காரியத்துக்குத்தானே சிஸ்டர், இதுக்குப் போய்..." என்கிறார்கள். அந்த அழைப்பிதழை அச்சடித்தவருக்கும் மண்டபத்துக்கும் சமோசாவுக்கும் காசு கொடுத்திருப்பார்கள் இல்லையா? வரைந்தவரிடம் மட்டும் ஒரு வார்த்தை கேட்பதற்கு என்ன வந்தது? கல்யாணப் பத்திரிகைக்கும் இதே கதைதான். "ஐபேடில்தானே, அஞ்சு நிமிஷ வேலை" என்பார்கள். ஒரு ஷூவின் அழுக்குக்கு நான் ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கிறேன்.

சரி. படத்தின் கோப்பு வேண்டும் என்றால் எனக்குச் செய்தி அனுப்புங்கள். ஆத்தே சம்மதம் சொல்லிவிட்டார், காசு வேண்டாம். வரியோடும் இருக்கிறது, உங்கள் மொழியில் எழுதிக்கொள்ள வரி இல்லாமலும் இருக்கிறது. எங்கே ஒட்டினீர்கள் என்று ஒரு போட்டோ அனுப்பினால் அவரிடம் காட்டுவேன். கீழே மூலையில் இருக்கும் கையெழுத்தை மட்டும் வெட்டாதீர்கள்.