1.88 போதாதா, 5.63 எதற்கு?

கேள்வி: முதுகலை இயற்பியல் படிக்கிறேன். ஓய்விலிருக்கும் புரோட்டான் மீது இன்னொரு புரோட்டானை மோதவிட்டு எதிர்ப்புரோட்டானை உண்டாக்கக் குறைந்தது எவ்வளவு இயக்க ஆற்றல் வேண்டும் என்று ஒரு பழைய வினாத்தாளில் கேட்டிருக்கிறார்கள். புதிதாக உண்டாவது ஒரு புரோட்டானும் ஓர் எதிர்ப்புரோட்டானும்தான். இரண்டின் நிறைக்கும் 1.88 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் போதும் என்று எழுதினேன். விடைக்குறிப்பு 5.63 என்கிறது. ஆற்றல் குறிப்பாயத்துக்குக் குறிப்பாயம் மாறும் என்றால், எதில் நின்று கணக்குப் போடுவது?

பதில்: 1.88 சரியான எண்தான், ஆனால் நிறைமையக் குறிப்பாயத்தில், அதாவது மொத்த உந்தம் சுழியாகத் தெரியும் பார்வையில். வினாவோ இலக்குப் புரோட்டான் ஓய்விலிருக்கும் ஆய்வகக் குறிப்பாயத்தில் கேட்கப்பட்டிருக்கிறது. அங்கே பாய்ந்து வரும் புரோட்டானுக்கு உந்தம் உண்டு. மோதிய பிறகும் அது அப்படியே இருந்தாக வேண்டும். எனவே பழைய இரண்டும் புதிய இரண்டுமாக விளையும் நான்கு துகள்களும் ஓய்வில் நிற்க வழியில்லை. அவற்றின் ஓட்டத்துக்கும் சேர்த்து ஆற்றல் கொடுக்க வேண்டும்.

மாணவர்கள் பலர் சறுக்குவது ஓரிடத்தில்தான். ஆற்றல் மாறாவிதி என்பது ஒரே குறிப்பாயத்தில் மோதலுக்கு முன்னும் பின்னும் பொருந்துவது. வெவ்வேறு குறிப்பாயங்களில் ஆற்றல் ஒன்றாக இருக்கும் என்று அது சொல்லவில்லை, உந்தமும் அப்படியே. எல்லாக் குறிப்பாயங்களிலும் மாறாதிருப்பது வேறொன்று: மொத்த ஆற்றலின் வர்க்கத்திலிருந்து மொத்த உந்தத்தின் வர்க்கத்தைக் கழித்தால் வருவது (ஒளிவேகத்தை 1 என்று கொள்கிறேன்). இது கையிலிருந்தால் ஒரு குறிப்பாயத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் உருமாற்றச் சமன்பாடுகளை எழுதிக்கொண்டிருக்கவே வேண்டாம்.

புரோட்டானின் நிறை ஆற்றலான 0.938 ஜிகா எலக்ட்ரான் வோல்ட்டை ஓர் அலகு என வைத்துக்கொள்ளுங்கள். குறைந்தபட்ச நிலையில், நிறைமையக் குறிப்பாயத்தில் நான்கு துகள்களும் அசையாமல் நிற்கும். ஆற்றல் 4, உந்தம் 0. மாறாத அளவு 16. இனி ஆய்வகத்துக்கு வாருங்கள். வரும் புரோட்டானின் ஆற்றல் 'ஆ', இலக்கின் ஆற்றல் 1. (ஆ + 1)-இன் வர்க்கத்தில் உந்தத்தின் வர்க்கம் போக 2 + 2ஆ மிஞ்சுகிறது, ஏனெனில் ஒற்றைப் புரோட்டானுக்கு அந்தக் கழித்தல் எப்போதும் 1. அது 16-க்குச் சமம் என்றால் ஆ = 7. ஓய்வு நிறைக்கான 1 போக இயக்க ஆற்றல் 6 அலகு, அதாவது 5.63.

அந்த 6 அலகும் எங்கே போயின? 2 அலகு புதிய நிறையாகிவிட்டது. மீதி 4 அலகு, நான்கு துகள்களும் ஒளிவேகத்தில் சுமார் 87 சதவீத வேகத்தில் சேர்ந்து ஓடுவதற்கே செலவாகிறது. மூன்றில் இரண்டு பங்கு வீண்!

பெர்க்லியின் பெவட்ரான் முடுக்கியை சுமார் 6.2 ஜிகா எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் கட்டியதன் பின்னால் இந்தக் கணக்குதான் இருந்தது. 1955-இல் செக்ரே, சேம்பர்லின் குழுவினர் அங்கேதான் எதிர்ப்புரோட்டானைக் கண்டார்கள். 1959-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

ஆற்றல் கூடக் கூட இந்த வீணடிப்பும் கூடும். அதனால்தான் ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்தின் பெரிய முடுக்கியில் எதிரெதிர்த் திசைகளில் வரும் இரண்டு கற்றைகளை மோதவிடுகிறார்கள். 6.8 டெரா எலக்ட்ரான் வோல்ட் (ஒரு டெரா 1000 ஜிகா) கொண்ட இரு புரோட்டான்கள் நேருக்கு நேர் மோதினால் 13.6 முழுவதும் கணக்கில் வரும். அதே கற்றையை ஓய்விலுள்ள புரோட்டானில் மோதவிட்டால் பயன்படுவது சுமார் 113 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் மட்டுமே. சுமார் 125 வேண்டிய ஹிக்ஸ் துகளுக்கு அது எட்டாது.

தேர்வில் ஒன்றைக் கவனியுங்கள். பெவட்ரானில் உண்மையில் இலக்காக இருந்தது செம்பு. அணுக்கருவுக்குள் புரோட்டான்கள் சும்மா இருப்பதில்லை. அவற்றில் கற்றையை எதிர்த்து வருவதில் மோதினால் 5.63-க்குக் குறைவான ஆற்றலே போதும். ஆகவே வினாவில் 'ஓய்விலிருக்கும் தனிப் புரோட்டான்' என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அந்த எண்ணை எழுதுங்கள்.