ஸ்பெயினின் வடக்கே இருக்கும் பாஸ்க் கடற்கரை நகரங்களுக்குக் குழுவாகப் போவது எப்படி? போய் வந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

போய் வந்திருக்கிறேன். செப்டம்பர் முதல் பாதியில், ஏழு பேர், ஆறு இரவுகள். மூன்று தம்பதிகள், கூடவே நண்பனின் அம்மா. அம்மாவுக்கு அறுபத்து நான்கு வயது, முட்டைகூடத் தொடாத சுத்த சைவம். மீனும் இறைச்சியும் இல்லாமல் மூச்சே விடாத ஓர் ஊருக்கு அவரை அழைத்துப் போகிறோமே என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. அவருக்கு மட்டும் இல்லை.

முதலில் ஒரு விஷயம். ஏழெட்டுப் பேர் ஒரே கும்பலாகவே சுற்ற வேண்டும் என்று நினைக்காதீர்கள். நாங்கள் முதல் நாள் பில்பாவில் அப்படித்தான் செய்தோம். பழைய நகரத்தில் 'ஏழு தெருக்கள்' என்று ஒரு பகுதி. சந்து சந்தாகக் கடைகள், ஒவ்வொன்றும் நம் ஊர் டீக்கடையைவிடக் கொஞ்சம் பெரிது. ஏழு பேர் ஒரே நேரத்தில் உள்ளே நுழைந்தால் கதவருகேயே நின்றுவிட வேண்டியதுதான். சரி, உட்கார்ந்தே சாப்பிடலாம் என்று மாலை ஆறரைக்கு ஓர் உணவகத்துக்குப் போனால், சமையலறை எட்டரைக்குத்தான் திறக்கும் என்றார்கள். தப்பு எங்களுடையது. மதியம் ஒன்றிலிருந்து மூன்றரை, இரவு எட்டரைக்கு மேல், இதுதான் அங்கே சாப்பாட்டு நேரம். நடுவில் பசித்தால் கவுண்டரில் அடுக்கியிருப்பதுதான் கதி.

ஆனால் குழுவாகச் சுற்றுவது அந்த ஊர்க்காரர்களுக்கு ரத்தத்தில் ஊறிய பழக்கம். பள்ளி நாளிலிருந்து தொடரும் நண்பர் கூட்டத்துக்கு 'குவாத்ரிய்யா' என்று பெயர். மாலையானால் கூட்டம் கூடிக் கடை கடையாகப் போகும். ஒரு கடையில் ஒரு சின்னக் கிளாஸ் ஒயின், ஒரு பின்ச்சோ (ஓரிரு வாயில் முடியும் சின்னத் தீனி), அப்புறம் அடுத்த கடை. பணத்துக்கு 'போட்டே' என்று ஒரு முறை இருக்கிறது. எல்லோரும் சமமாகப் போட்டு ஒருவரிடம் கொடுத்துவிடுவார்கள், அவரே எல்லாக் கடையிலும் கட்டுவார். இரண்டாம் நாளிலிருந்து நாங்களும் அதையே பிடித்துக்கொண்டோம். ஆளுக்கு முப்பது யூரோ, ஒரு ஜிப் பையில். நான்கு பேர் ஒரு பக்கம், மூன்று பேர் மறுபக்கம், பத்து மணிக்கு ஒரு சதுக்கத்தில் சந்திப்பு. ஒவ்வொரு பில்லுக்கும் போனில் கணக்குப் போடுகிற தலைவலி அன்றோடு போயிற்று.

எங்கே தங்குவது? பில்பாவில் இரண்டு இரவு, சான் செபாஸ்டியனில் நான்கு இரவு. இரண்டுக்கும் நடுவே நூறு கிலோமீட்டர்தான். பேருந்து ஒன்றேகால் மணி நேரத்தில் போய்விடும். ரயிலில் போனால் அழகாக இருக்கும் என்று யாராவது சொன்னால் கவனமாக இருங்கள். அந்த மீட்டர்கேஜ் ரயில் ஒவ்வொரு சிற்றூரிலும் நின்று நின்று இரண்டரை மணி நேரத்துக்கு மேல் எடுக்கும். மூட்டை முடிச்சோடு வேண்டாம். தினம் ஓர் ஊரில் தங்குவதும் வேண்டாம். ஏழு பேர் பெட்டி கட்டி, அறையைக் காலி செய்து கிளம்பவே மதியமாகிவிடும்.

பில்பாவில் எல்லோரும் பார்ப்பது குகன்ஹைம் அருங்காட்சியகம். ஃபிராங்க் கெரி வடிவமைத்து 1997-இல் திறந்தது. ஒரு காலத்தில் இரும்பு ஆலைகளும் கப்பல் தளங்களும் புகைந்துகொண்டிருந்த ஆற்றங்கரை அது. டைட்டானியத் தகடுகள் மழைக்கு ஒரு நிறம், வெயிலுக்கு ஒரு நிறம் காட்டும். உள்ளே போவதைவிட வெளியே சுற்றி நடப்பதே எனக்குப் பிடித்தது.

அதைவிட எனக்கு மனதில் நின்றது வேறொன்று. பில்பாவிலிருந்து மெட்ரோவில் ஆற்று முகத்துவாரம் வரை போனால் பிஸ்காயா பாலம். 1893-இல் கட்டியது, உலகத்தின் முதல் தொங்குதொட்டிப் பாலம். உயரத்தில் இரும்புச் சட்டம், அதிலிருந்து கம்பிகளில் தொங்கும் ஒரு பெரிய தொட்டி. அதில் ஆளும் ஏறலாம், காரும் ஏறலாம். கப்பல் போக வழிவிட வேண்டும், கரைகள் தாழ்வு, வழக்கமான பாலம் சரிப்படாது. அதற்காக யோசித்த வழி இது. இன்றும் தினசரிப் போக்குவரத்துக்கு ஓடுகிறது. காய்கறிப் பையோடு ஒரு பாட்டி பக்கத்தில் நிற்க, நாங்கள் ஏழு பேரும் ஜன்னலில் ஒட்டிக்கொண்டு போட்டோ எடுத்துத் தள்ளினோம். இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது, அக்கரை வந்துவிட்டது. அம்மா மட்டும் "இன்னொரு தடவை போலாமா?" என்றார். போனோம்.

கார் இரண்டே நாளுக்குத்தான் எடுத்தோம். அதில் செய்த தவறையும் சொல்லிவிடுகிறேன். ஏழு பேர் ஒன்றாகப் போகலாமென்று ஒன்பது இருக்கை வேன் எடுத்தோம். ஒரு சிறு துறைமுக ஊரில் நிலத்தடி நிறுத்துமிடத்தின் சரிவில் பாதி இறங்கிய பிறகுதான் உயர வரம்புப் பலகை கண்ணில் பட்டது. பின்னால் மூன்று கார்கள். நான் இறங்கிப் போய் ஒவ்வொருவரிடமும் கையைக் கூப்பிப் பின்னால் போகச் சொன்னேன். யாரும் ஹார்ன் அடிக்கவில்லை, அதுவே இன்னும் வெட்கமாக இருந்தது. இரண்டு சின்னக் கார்களாக எடுங்கள். செலவு கொஞ்சம் கூடினாலும் பாதகமில்லை.

கார் உண்மையில் தேவைப்படுவது பில்பாவுக்கு வடக்கே உள்ள கடற்கரைக்குத்தான். கஸ்தெலுகாச்சே என்று ஒரு பாறைத்தீவு, கல் பாலத்தால் கரையோடு சேர்ந்திருக்கும். 241 படி ஏறினால் புனித யோவானின் சின்னக் கோயில். மேலே போய் மணியை மூன்று முறை அடிப்பது வழக்கம். நெரிசலான மாதங்களில் இணையத்தில் முன்பதிவு செய்துதான் போக வேண்டும், கட்டணம் கிடையாது. 241 படி என்பதைக் கேட்டு ஏமாறாதீர்கள். வண்டி நிறுத்துமிடத்திலிருந்து முதலில் செங்குத்தாக இறங்க வேண்டும். வரும்போது அதே இறக்கம் ஏற்றமாகிவிடும், அங்கேதான் முட்டி கழலும். அம்மா பாதி இறக்கத்திலேயே நிலைமையைப் புரிந்துகொண்டு, "நான் இங்கயே உக்காந்திருக்கேன், நீங்க போய் மணியடிச்சுட்டு வாங்கப்பா" என்று ஒரு திட்டில் உட்கார்ந்துவிட்டார். நாக்கு தள்ளத் திரும்பி வந்தபோது, அவரிடம் விட்டுப்போன பையில் ஒரு வாழைப்பழம்கூட மிச்சமில்லை.

அதே நாளில் கெர்னிகாவுக்கும் போகலாம். 1937 ஏப்ரல் 26, திங்கட்கிழமை, சந்தை நாள். ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் தளபதி ஃபிராங்கோவுக்காக வந்த ஜெர்மானிய, இத்தாலிய விமானங்கள் குண்டு போட்டு ஊரை எரித்தன. அந்தக் குண்டுவீச்சை வைத்துப் பிக்காசோ வரைந்த ஓவியத்தின் அசல் மாட்ரிட்டில் இருக்கிறது, இங்கே தேடாதீர்கள். இங்கே பார்க்க வேண்டியது ஓக் மரம். அந்தக் காலத்தில் அதன் அடியில் நின்றுதான் பிஸ்காயா மாகாணத்தின் பிரபுக்கள் மக்களின் சட்ட உரிமைகளைக் காப்பதாகச் சத்தியம் செய்வார்கள். மரம் பட்டுப்போனால் அதன் வழி வந்த கன்றையே நடுவார்கள். பழைய மரத்தின் அடித்தண்டைத் தூண்கள் சூழ்ந்த மண்டபத்தில் வைத்திருக்கிறார்கள்.

அப்புறம் சான் செபாஸ்டியன். பாஸ்க் மொழியில் டோனோஸ்டியா. லா கோஞ்சா கடற்கரையின் வளைவைப் படத்தில் பார்த்திருப்பீர்கள், நேரிலும் அப்படியேதான். அந்த விரிகுடாவின் மேற்குக் கோடியில் சில்லிடா என்ற சிற்பி பாறைகளில் பதித்த 'காற்றின் சீப்பு' என்னும் இரும்புச் சிற்பங்கள். தரையில் துளைகள் போட்டிருக்கிறார்கள். அலை பெரிதாக வந்தால் அந்தத் துளை வழியே காற்றும் நீரும் சீறிக்கொண்டு வெளியே வரும். அலை சுமாராக இருக்கும் நாளில் போனால் ஒன்றும் நடக்காது, நாங்கள் இரண்டு தடவை போனோம்.

பழைய நகரம் 1813-இல் பிரெஞ்சுப் படையிடமிருந்து மீட்க வந்த ஆங்கிலேய, போர்த்துகீசியப் படையாலேயே கொளுத்தப்பட்டது. தப்பிய வீடுகள் இருந்த தெருவுக்கு அந்தத் தேதியையே, ஆகஸ்ட் 31 என்று, பெயராக வைத்துவிட்டார்கள். இன்று அங்கே வரிசையாகப் பின்ச்சோ கடைகள். கவுண்டரில் அடுக்கியிருக்கும் ஆறிய பண்டங்களையே தட்டில் அள்ளாதீர்கள். கரும்பலகையில் எழுதியிருப்பதைச் சொன்னால் சூடாகச் செய்து தருவார்கள். ஒரு கடையில் ஒன்று, மிஞ்சிப்போனால் இரண்டு. கில்டாவிலிருந்து தொடங்குங்கள். ஒரு குச்சியில் ஆலிவ், ஊறவைத்த நீளப் பச்சை மிளகாய், உப்பில் பதப்படுத்திய நெத்திலி. புளிப்பு, உப்பு, லேசான காரம், ஒரே வாய். ஊறுகாய்க்குப் பழகிய நம் நாக்குக்கு அறிமுகமே தேவையில்லை.

சைவக்காரருக்கு? கெர்னிகா மிளகாயை எண்ணெயில் பொரித்துக் கல்லுப்பு தூவித் தருவார்கள், காரமே இருக்காது. செம்மறியாட்டுப்பால் இடியாசாபல் பாலாடைக்கட்டி, சுட்ட காளான், ரொட்டி, தக்காளி. அம்மா இவற்றை வைத்தே ஓட்டினார். ஆனால் 'காய்கறி சாலட்' என்று போட்டிருந்தாலும் கேட்டுக்கொள்ளுங்கள், மேலே சூரை மீன் கிடக்கும். அவர்கள் கணக்கில் அது இறைச்சி இல்லை. காளானின் நடுவிலும் சில கடைகளில் முட்டைக்கருவை வைப்பார்கள்.

சான் செபாஸ்டியனிலிருந்து ஒரு நாள் சாராவுட்ஸ், கெட்டாரியா, சுமாயா. கார் வேண்டாம். சாராவுட்ஸ் வரை ரயில், அங்கிருந்து கெட்டாரியாவுக்குக் கடலை ஒட்டியே நான்கு கிலோமீட்டர் நடைபாதை. உலகைச் சுற்றிய முதல் பயணத்தை 1522-இல் முடித்துக் கப்பலைக் கரைசேர்த்த எல்கானோ கெட்டாரியாக்காரர். ஆடை வடிவமைப்பாளர் பாலென்சியாகாவும் அங்கே பிறந்தவர்தான். எங்களுக்கோ அங்கே வேறு வேலை இருந்தது. உணவகங்கள் தெருவோரத்திலேயே கரியடுப்பு வைத்து, தட்டையான ஒரு மீனை முழுசாகக் கம்பிக் கூடையில் வைத்துச் சுடுகின்றன. விலை கிலோவுக்கு, கேட்டுவிட்டு உட்காருங்கள். பரிமாறுபவர் இரண்டு கரண்டியால் முள்ளை ஒரே இழுப்பில் எடுத்தார். பிறகு துடுப்போரத்தில் ஒட்டியிருந்த பிசுபிசுப்பான பகுதியைக் காட்டி, கையால் எடுத்து உறிஞ்ச வேண்டும் என்று சைகை செய்தார். தலை யாருக்கு என்று எங்களுக்குள் நடந்த சண்டையைப் பார்த்து அவருக்கே சிரிப்பு.

சுமாயாவில் செங்குத்தாக நிறுத்திவைத்த அப்பளக் கட்டுகள் மாதிரி பாறை அடுக்குகள். டைனோசர்கள் அழிந்த, 6.6 கோடி ஆண்டுக்கு முந்தைய எல்லைக்கோடு அந்த அடுக்குகளில் தெரிகிறது. கடல் இறங்கும் நேரத்தைப் பார்த்துப் போங்கள், ஏற்றத்தில் பாறைத்தளம் நீருக்குள் போய்விடும்.

நேரமிருந்தால் ஒண்டாரிபியா. மதில் சூழ்ந்த ஊர், கீழே மீனவர் தெரு. அங்கிருந்து சின்னப் படகில் ஏறினால் சில நிமிஷத்தில் பிரான்சின் ஆண்டாய். ஷெங்கன் விசா இரண்டுக்கும் போதும், ஆனால் பாஸ்போர்ட்டை அறையில் விட்டுவிட்டுப் போகாதீர்கள், எல்லையில் கேட்பது உண்டு.

மொழியைப் பற்றி ஒன்று. பெயர்ப்பலகை எல்லாமே ஸ்பானிஷிலும் பாஸ்கிலும் இருக்கும். 'கொமுனாக்' என்றால் கழிப்பறை, இது தெரிந்தால் பாதிப் பயணம் சுகம். 'எச்சே' வீடு, 'எச்சேயான்' வீட்டில், 'எச்சேதிக்' வீட்டிலிருந்து, 'எச்சேரா' வீட்டுக்கு. நம்மைப் போலவே உருபுகளை ஒட்டிக்கொண்டே போகிறார்கள். உடனே தமிழுக்கு உறவு என்று கிளம்பிவிடாதீர்கள், மொழியியலாளர்கள் அதை ஏற்பதில்லை. பாஸ்க் எந்த மொழியோடும் உறவு நிறுவப்படாத தனிமொழி.

மழைச்சட்டை எந்த மாதமும் வேண்டும். குடையை அந்தக் காற்று விடாது. செப்டம்பர் பிற்பாதியில் சான் செபாஸ்டியனில் திரைப்பட விழா, அறை வாடகை எகிறும்.

கடைசி இரவு ஜிப் பையில் பதினோரு யூரோ மிச்சம். மேலே கருகினாற்போல் சுட்டு, உள்ளே குழைவாக இருக்கும் அந்த ஊர் சீஸ்கேக் இரண்டு துண்டு வாங்கி ஏழு கரண்டி கேட்டோம். "அம்மா, இதுல முட்டை இருக்கும்" என்று முன்கூட்டியே சொன்னேன்.

"கேக்குல இருந்தா பரவால்லப்பா" என்று கரண்டியை எடுத்தார். ஆறு நாளாக இதை ஏன் சொல்லவில்லை என்று அவர் மகன் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறான்.