தலைக்குள் ஒரு வெடி

வணக்கம் ஐயா,

வீடு பினாங்கு மாநிலத்துப் பட்டர்வொர்த்தில், வேலை பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில். வாரம் மாறி வாரம் நைட் ஷிப்ட். இரண்டு வருடமாக, கண் செருகும் நேரம் பார்த்துத் தலைக்குள் டமார் என்று வெடிக்கிறது. வலி இல்லை. பதறி எழுந்தால் மனைவி அசையாமல் தூங்குகிறாள். சில நாள் காலும் உதறும். கிளினிக்கில் ‘ஸ்ட்ரெஸ்’ என்றார்கள். ஸ்கேனில் ஒன்றுமில்லை. அம்மா தண்ணீர்மலை முருகன் கோயில் விபூதியைத் தலைமாட்டில் வைத்திருக்கிறார். தூக்கத்தில் உடம்பு அதிர்வதாக நீங்கள் ஒருமுறை எழுதியிருந்தீர்கள். அதனால்தான் கேட்கிறேன், இது என்ன ஐயா?

வாசகர், பட்டர்வொர்த்

அன்புள்ள தம்பி,

நான் டாக்டர் இல்லை. ஆனால் நீங்கள் சொல்வதற்குப் பெயர் உண்டு. 1988இல் பியர்ஸ் என்ற பிரிட்டிஷ் நரம்பியல் மருத்துவர் ‘வெடிக்கும் தலை’ என்றே பெயர் வைத்து எழுதினார். பயங்கரமான பெயர், ஆபத்தில்லாத விஷயம். அமெரிக்காவில் வெயர் மிட்செல் 1876இலேயே இதைக் குறித்து வைத்திருக்கிறார். தூங்கப் போகும்போது மூளை ஒவ்வொரு பகுதியாக அடங்க வேண்டும். அதில் ஏதோ தடுமாறி, சத்தத்தை உணரும் பகுதி மொத்தமாக விழித்துக்கொள்கிறது என்று ஒரு கணிப்பு. இன்னும் நிரூபணமாகவில்லை. கால் உதறுவது பெரும்பாலானவர்களுக்கு உள்ளதுதான். தூக்கம் கெட்டாலும் கோப்பி கூடினாலும் அதிகமாகும்.

என் கதை வேறு. விடிகாலை நாலு மணிக்கு விழிப்பு வரும்போது உடம்புக்குள் ஓர் அதிர்வு. பழைய ஃபெரியில் கைப்பிடிக் கம்பியைப் பிடித்தால் உள்ளங்கையில் இன்ஜின் ஓடுமே, அப்படி. ஒருநாள் டம்ளரில் தண்ணீர் ஊற்றி மெத்தைமேல் வைத்துப் பார்த்தேன். தண்ணீர் அசையவே இல்லை. மனைவி என் வயிற்றில் கை வைத்துப் பார்த்து, “ஒன்னும் இல்லையே, படுங்க” என்றாள். தைராய்டு, சர்க்கரை, இரும்புச்சத்து எல்லாம் சரி. ஆறு வருடமாகியும் காரணம் தெரியவில்லை.

மூன்று மாதம் நோட்டில் எழுதினேன்: தேதி, சாப்பாடு, எத்தனை மணி நேரத் தூக்கம். தூக்கம் குறைந்த மறுநாள் அதிகம் என்பது மட்டும் தெரிந்தது. அப்புறம் பார்த்தால், நோட்டில் எழுதுவதற்காகவே அதிர்வு வருகிறதா என்று நாலு மணிக்குக் காவல் காத்துக்கொண்டிருக்கிறேன்! நோட்டைத் தூக்கிப் போட்டேன். இப்போதும் அதிர்வு வருகிறது. லைட்டைப் போடுவதில்லை, எழுந்து உட்காருவதில்லை. ஓடட்டும் என்று கிடப்பேன். பல நாள் சுபுஹு பாங்கு காதில் விழுவதற்குள் தூங்கிவிடுகிறேன்.

நீங்களும் படுத்ததும் அந்த வெடிக்காகக் காத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். உடம்பு எப்படித் தளரும்?

வெடியோடு தலைவலி வந்தாலோ, கை கால் மரத்தாலோ, நாக்கைக் கடித்துக்கொண்டாலோ தள்ளிப்போடாமல் டாக்டரிடம் போங்கள். படுத்ததும் காலில் குறுகுறுப்பு வந்து, எழுந்து நடந்தால்தான் அடங்குகிறது என்றால் இரும்புச்சத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். ‘ஸ்ட்ரெஸ்’ என்பதோடு விட்டுவிடாதீர்கள்.

விபூதி அங்கேயே இருக்கட்டும், அம்மாவுக்கு அது வேண்டும். நைட் ஷிப்ட் முடியும் நேரத்தில் கோப்பி-ஓ (பால் சேர்க்காத கோப்பி) குடிக்கிறீர்களா? முதலில் அதை விட்டுப் பார்த்துவிட்டு எழுதுங்கள். மனைவியிடம் சொன்னதாகக் கடிதத்தில் இல்லை. சொல்லிவிடுங்கள், பாதி ராத்திரியில் நீங்கள் பதறி எழுந்து உட்காருவது அவருக்கும் தெரிந்துதான் இருக்கும்.