கால் வீக்கத்துக்கு பிரஷர் மாத்திரை காரணமா?

கேள்வி: என் மாமியாருக்கு 64 வயது. பிரஷருக்காகச் சாப்பிடும் அம்லோடிபின் மாத்திரையை டாக்டர் போன மாதம் 5 மில்லிகிராமிலிருந்து 10 ஆக்கினார். இப்போது சாயங்காலமானால் இரண்டு கணுக்காலும் வீங்கிவிடுகிறது. கிட்னி போய்விட்டதோ என்று பயந்து, மாத்திரையை நிறுத்தப் பார்க்கிறார். மருந்துக்கடைக்காரரோ நீர் மாத்திரை (சிறுநீரை அதிகம் போக வைக்கும் மாத்திரை) தருகிறேன் என்கிறார். என்ன செய்வது?
– வாசகி, தேனி

பதில்: நிறுத்தவும் வேண்டாம், நீர் மாத்திரையும் வேண்டாம். அம்லோடிபின் சிறு ரத்தக்குழாய்களை விரிக்கும். அதனால் நீர் கசிந்து கணுக்காலில் தேங்கும். டோஸ் ஏறினால் வீக்கமும் ஏறும். பெண்களுக்குக் கொஞ்சம் அதிகம். உடம்பில் நீர் சேர்ந்து வரும் வீக்கம் இல்லை என்பதால் நீர் மாத்திரை பெரிதாகக் கேட்காது. அதனால் ரத்தத்தில் சோடியம் என்ற உப்பு குறைந்து தலைசுற்றி விழுந்தால் அது வேறு வம்பு. எழுதிக் கொடுத்த டாக்டரிடமே போங்கள். டோஸைக் குறைப்பார், அல்லது டெல்மிசார்ட்டான் போன்ற வேறொரு பிரஷர் மருந்தைச் சேர்ப்பார். கிட்னி பயத்துக்கு கிட்னி வேலையைக் காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை ஒன்று, ஒரு சிறுநீர்ப் பரிசோதனை போதும்.

மூட்டுவலிக்கு டைக்லோஃபெனாக் மாதிரி வலி மாத்திரை ஏதும் வாங்கிப் போடுகிறாரா? அதுவும் வீக்கம் தரும், பிரஷரையும் ஏற்றும். கேட்டால் “எப்பவாவது ஒண்ணு” என்பார்கள்; நம்பாதீர்கள், மாத்திரை அட்டைகளைப் பாருங்கள். பிராண்ட் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் இருப்பதுதான் மருந்தின் பெயர். இரண்டு பிராண்டில் ஒரே அம்லோடிபின் இருப்பதும் உண்டு.

ஒரு கால் மட்டும் வலியோடு வீங்கினாலோ, படுத்தால் மூச்சு வாங்கினாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.